பீர் முகம்மது மன்னித்தார்

மேலப்பாளையத்தில் மனிதர்களைக் கைலியை வைத்து எடைபோடுகிறவர் பீர் முகம்மது. ஆயுசு முழுக்கக் கைலி வியாபாரம் செய்தவர் எதிரே வருகிறவனின் முகத்தைப் பார்த்து என்ன செய்யப்போகிறார்? நூல் என்ன, கரை என்ன, எத்தனை சலவை தாங்கும் என்று இடுப்புக்குக் கீழே ஒரு பார்வை பார்ப்பார். அதோடு ஆள் தீர்ந்தான். ஒருத்தன் சாயம் போகிற சரக்கு. இன்னொருத்தன் கஞ்சி போட்டு நிமிர்த்திய சரக்கு, ஒரு நனைப்பில் தொங்கிவிடும். ஊரில் அவருக்குத் தேறியவர்கள் என்று யாரும் கிடையாது, அவரைத் தவிர. வயது எழுபதைத் தாண்டி, இருதயம் பாதிக்கு மேல் ஓய்ந்துபோன பிறகும் அந்த நாக்கு மட்டும் ஓயவில்லை.

அவர் கணக்கில் இருப்பதிலேயே மட்டமான சரக்கு சிராஜுதீன். மனைவி ஆபிதா பீவியின் தம்பி. ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்து இப்போது பஜாரில் கடை போட்டிருக்கிறான். சத்தமாகச் சிரிப்பான், அதைவிடச் சத்தமாக அழுவான். கல்யாண வீட்டில் பெண்ணை அனுப்பும்போது பெற்றவர்களே கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்க, இவன் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு தேம்புவான். "ஒங்க குடும்பத்துல மூளை பொம்பளைக்குப் போயிட்டு, கண்ணீரு ஆம்பளைக்கு வந்துட்டுளா" என்பார் பீர் முகம்மது. ஆபிதா சிரிக்கமாட்டாள். உம்மா இல்லாத தம்பியை இடுப்பில் தூக்கிவைத்து வளர்த்தவள் அவள். புருஷனுக்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லாததால் சும்மா இருப்பாள்.

போன வருஷம் சிராஜுதீன் தெருப் பள்ளிவாசலின் நிர்வாகத்துக்கு வந்தான். பள்ளி முற்றத்தில், தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்வதற்கு ஹவுள் என்று ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி இருந்தது. படியெல்லாம் பாசி. வயசாளிகள் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டிருந்தார்கள். அதை மூடிவிட்டுக் குழாய் வைக்கலாமா என்று கேட்க அவன் முதலில் வந்தது மச்சான் வீட்டுக்குத்தான். பீர் முகம்மது டீயை உறிஞ்சிக்கொண்டே, "மூடித் தொலைலே. இன்னும் எத்தன பேரு இடுப்பொடியணும்?" என்றார். மச்சானே சொல்லிவிட்டார் என்ற சந்தோஷத்தில் அவன் அந்த வாரமே மண் லாரியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டான்.

குழாய் வந்து கொஞ்ச நாளில்தான் பீர் முகம்மதுக்கு அந்தச் சங்கடம் வந்தது. முன்வரிசையில் நின்று தொழுதுகொண்டிருந்தவர் சுஜூதில் நெற்றி தரையில் படக் குனிந்தபோது பின்னால் ஈரமாக எதுவோ இறங்கியது. தொழுகையை முடிக்காமல் தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஆபிதா கைலியை வாங்கிப் பார்த்தாள். ரத்தமும் சளியும். மறுநாளும் அப்படியே. அப்புறம் நேரம் காலம் என்று இல்லை, உட்கார்ந்தாலும் எழுந்தாலும் கசிந்தது. துணியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டிலேயே இருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு வெள்ளைக் கைலியைத் தவிர எதையும் தொடாத மனிதர், பழைய சரக்கு மூட்டைக்கு அடியில் கிடந்த காப்பிக் கலர் கட்டம் போட்ட கைலிகளை எடுத்து உடுத்தினார்.

இப்படி நோய் உள்ளவனுக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் புதிதாக ஒளு செய்துகொண்டு, கசியாமல் துணியைக் கட்டிக்கொண்டு தொழலாம். தொழுகை நடத்துகிற பள்ளி அசரத்திடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் தாடியை நீவிக்கொண்டு சொல்லியிருப்பார். கேட்பதற்கு வாயைத் திறக்கவேண்டுமே. தனக்கும் பின்பக்கம் என்று ஒன்று இருப்பதை ஊர் தெரிந்துகொண்டால் கௌரவம் என்னத்துக்கு ஆகும் என்று நினைக்கிற ஜாதி இவர்.

வெற்றிடம் இருந்தால் ஊர் விடுமா? பீர் முகம்மது பாய் ஏன் பள்ளிக்கு வருவதில்லை என்று ஆளாளுக்குப் பேசி, கடைசியில் அவர்களே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். பாட்டன் காலத்து ஹவுளை மூடியதில் பாய்க்குக் கோபம். நலம் விசாரிக்க வந்த ஒருத்தர் நாற்காலியில் உட்கார்ந்து இதை மெதுவாகக் கேட்டபோது, பீர் முகம்மதின் முகத்தில் பல நாள் கழித்து ரத்தம் ஓடியது. கிணற்றில் விழுந்தவனுக்குக் கயிறு கிடைத்த மாதிரிதான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "ஹவுள மண்ணப் போட்டு மூடுன பயலுவ இருக்க எடத்துல எனக்கென்னவே சோலி?"

வந்தவர் போனதும் ஆபிதா உள்ளிருந்து வந்தாள். "நீங்கதானே அவன மூடச் சொன்னிய?"

"வாயப் பொத்துளா. குண்டியில நோக்காடுன்னு தெருவுல தமுக்கடிக்கச் சொல்லுதியா?"

"அதுக்கு எந்தம்பி தலையிலயா போடணும்?"

"அவன் தலையில வேற என்ன இருக்கு? இதாவது இருக்கட்டும்."

சிராஜுதீனுக்கு இது எட்ட எத்தனை நேரம் ஆகும்? அன்று சாயங்காலமே வந்தான். மச்சான் படுத்திருக்கிறார் என்று ஆபிதா வாசலிலேயே அனுப்பிவைத்தாள். திரும்பத் திரும்ப வந்தான். ஒருதரம் குளிக்கிறார் என்றாள், ஒருதரம் தொழுகிறார் என்றாள். உள்ளே பீர் முகம்மது கட்டிலில் ஒருச்சாய்ந்து படுத்தபடி அவனுடைய செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்து போவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். "சனியன் போயிட்டானா?" என்பார். அவனை உள்ளே விட்டால் கட்டிலோரம் வந்து ஒட்டி உட்காருவான், வாடை தெரிந்துவிடும் என்ற பயம். அதை அவர் பயம் என்று சொல்லமாட்டார்.

வைத்தியத்துக்குப் போனது பேத்தி ஷஃபீகாவால். மகன் போய்ச் சேர்ந்த பிறகு அவன் பெண்ணை வளர்த்தவர்கள் இவர்கள்தான். கடையநல்லூர்ப் பையன் ஆதில் என்று ஒரு நல்ல இடம் அமைந்து, நிக்காஹ் பேசியாகிவிட்டது. வாப்பா இல்லாத பெண்ணுக்கு வாப்பாவைப் பெற்றவர்தான் பொறுப்பாளி. பள்ளிவாசலில், இரண்டு ஊர் ஜனமும் பார்த்திருக்க, வெள்ளை விரிப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்துப் பெண்ணைக் கொடுக்கவேண்டும். வேறு ஒருத்தருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கலாம். கொடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். போனால் விரிப்பு சொல்லிவிடும். அந்த ஒரு விரிப்பை நினைத்து அவருக்குத் தூக்கம் போயிற்று. மானம் போகாமல் அதில் உட்கார்ந்து எழுந்துவிட்டால் போதும், அப்புறம் மௌத்தானாலும் பரவாயில்லை என்று ஆபிதாவிடம் சொன்னார்.

முதலில் பார்த்த சர்ஜன், மலக்குடலில் வளர்த்தி இருக்கிறது, ஓரத்தில் புற்றாக மாறத் தொடங்கிவிட்டது, குடலை வெட்டி எடுத்துவிட்டு வயிற்றில் பை வைக்கவேண்டும் என்றார். இருதய டாக்டர் எக்கோவைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். இந்த இருதயத்துக்கு மயக்கம் கொடுத்தால் எழுந்திருக்கமாட்டார். இரண்டு பேரையும் பீர் முகம்மது கைலிக் கணக்கில் சேர்த்துவிட்டார். ஒருத்தன் கத்தரிக்கோலை விட்டால் வேறு தெரியாத தையல்காரன், மற்றவன் துணியைத் தொடாமலே விலையைக் குறைக்கிற தரகன். கடைசியில் பாளையங்கோட்டையில் டாக்டர் ரீபாவிடம் போகச் சொன்னார்கள்.

அறைக்குள் போனதும் ஒரு பெண் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவர் திரும்பி நடந்தார். ஆபிதா கதவை மறித்துக்கொண்டு நின்றாள். புருஷனை அவள் மறித்தது அன்றைக்குத்தான் முதல்தடவை. அவர் மகள் வயதுகூட இல்லாத அந்தப் பெண், எக்கோவையும் சதைப் பரிசோதனை முடிவையும் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பாய், கத்தி வேண்டாம். மயக்கமும் வேண்டாம். உள்ள கேமராக் குழாய விட்டு, லேசர வச்சு வளர்த்தியக் கொஞ்சங் கொஞ்சமாப் பொசுக்கிருவேன். முழிச்சிக்கிட்டேதான் இருப்பிய. அன்னைக்கே வீட்டுக்குப் போயிரலாம்."

"அப்பம் தீந்திருமா?"

"தீராது. வேரோட போற சங்கதி இல்ல இது. திரும்ப வளரும், திரும்ப வந்து பொசுக்கிக்கணும். ஆனா ரத்தமும் சளியும் நின்னுரும். மனுசரா வெளிய நடமாடலாம்."

"பொம்பளப் புள்ள பாக்குற வேலையா இது?" என்றார் அவர்.

ரீபா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "எனிமா குடுத்த பொறவு அது சுத்தமாத்தான் இருக்கும் பாய். சில பேரு வாயவிடச் சுத்தமா இருக்கும்" என்றாள். ஆபிதா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் சிரித்தாளா என்று பீர் முகம்மதுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

ஊருக்கு இருதயப் பரிசோதனை என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் போய்வந்தார்கள். இருதயம் கௌரவமான உறுப்பு. அது கெட்டுப்போனால் வெளியே சொல்லலாம், மாலை போடாத குறையாக ஊர் வந்து விசாரிக்கும். ஆஸ்பத்திரியில் வெளியே காத்திருக்கிற பெஞ்சில்கூட அவர் ஒரு கோடியில் தள்ளி உட்கார்ந்து, மற்றவர்களை ஓரக்கண்ணால் பார்த்து முகம் சுளிப்பார். எல்லாம் பின்பக்க நோயாளிகள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த களக்காட்டு விவசாயி ஒருத்தர் வெள்ளந்தியாக, "ஒங்களுக்கும் மூலமா அண்ணாச்சி?" என்று கேட்டதற்கு, "நான் துணைக்கு வந்தவன்வே" என்று ஆபிதாவைக் கைகாட்டினார். ஆபிதா தலையைக் குனிந்துகொண்டு அதையும் ஏற்றுக்கொண்டாள்.

லேசர் அறையில் எல்லோரும் கலர்க் கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள், அவருக்கும் ஒன்றை மாட்டிவிட்டார்கள். இடது பக்கமாகப் படுக்கவைத்து முழங்காலை நெஞ்சோடு மடக்கச் சொன்னார்கள். எதிரே டிவியில் சிவப்பாக ஒரு குகை தெரிந்தது. அதன் சுவரில் காலிஃபிளவர் மாதிரி ஒன்று பரந்து கிடந்தது. "அதான்" என்றாள் ரீபா. பீர் முகம்மது அதை வெறித்துப் பார்த்தார். பஜாரையே ஒரு குரலில் அடக்கியவரை வீட்டுக்குள் முடக்கிப்போட்டது அந்த வழவழப்பான சதைக் கொத்து. ஒரு சிவப்புப் புள்ளி அதன்மேல் வந்து நின்றது. ரீபா காலால் எதையோ அழுத்தினாள். பட்ட இடம் வெளுத்தது, சுருங்கியது, கருகியது. உள்ளே அவருக்குச் சூடு தெரியவில்லை. "அங்க நோவாது. கீழ வரும்போது சுருக்குங்கும், சொல்லுங்க" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தாள். புகையை ஒரு குழாய் உறிஞ்சியது, அப்படியும் தீய்ந்த வாடை கொஞ்சம் வந்தது. கீழ் ஓரத்துக்கு வந்தபோது சுருக்கென்றது. அவர் சொல்லவில்லை. ஒரு பெண்பிள்ளையிடம் 'நோவுது' என்பதா? பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அவர் தொடை நடுங்குவதைப் பார்த்து அவளே நிறுத்தினாள். "வீராப்புக்கு இங்க யாரும் பதக்கம் குடுக்கமாட்டாவ பாய்" என்று மரத்துப்போகிற மருந்தைத் தடவிவிட்டுத் தொடர்ந்தாள்.

சில வாரம் இடைவெளி விட்டு மறுபடி போனார்கள், அப்புறம் இன்னொரு தடவை. மூன்றாவது தடவை முடிந்து கொஞ்ச நாளில் ஒரு காலை ஆபிதா மடித்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு பொட்டு இல்லை. விளக்கடியில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். எத்தனையோ மாதமாகத் தெரு விழிக்கும் முன்னால் எழுந்து, வேலைக்காரிக்குத் தெரியாமல், வாசனைச் சோப்புப் போட்டுக் கையால் அலசி, மாடியில் போர்வைக்கு அடியில் மறைத்துக் காயவைத்தவள். நிஜமாகவே அந்தத் துணியை நெஞ்சோடு வைத்துக்கொண்டுதான் அழுதாள். பீர் முகம்மது ஒரு நிமிஷம் பார்த்தார்.

"அழுதது போதும். வெள்ளக் கைலிய எடுத்து இஸ்திரி போடு. இந்த ஜும்ஆவுக்குப் போறேன்."

நிக்காஹுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அது. சம்பந்தி வீட்டார் வந்து நிற்கும்போது திடீரென்று பள்ளிக்குள் நுழைந்தால் நன்றாயிராது, ஒருதரம் போய்ப் பழக்கிவிட்டு வரலாம் என்பது அவர் யோசனை. வெள்ளைக் கைலி, வெள்ளைச் சட்டை, தொப்பி. கைத்தடியை ஊன்றிக்கொண்டு, மூச்சு வாங்க நின்று நின்று, பைய நடந்து போனார். தெருவே எழுந்து பார்த்தது. குழாயில் உட்கார்ந்து ஒளு செய்தார். தாமிரபரணித் தண்ணீர் சில்லென்று காலில் விழுந்தது. வழுக்கவில்லை. பரவாயில்லை என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டார்.

தொழுகை முடிந்து எல்லோரும் எழுந்திருக்கப்போகும் நேரத்தில் சிராஜுதீன் முன்வரிசையிலிருந்து எழுந்தான். அசரத்திடம் ஏதோ கேட்டு மைக்கை வாங்கினான். வெளியே தெருவுக்கும் கேட்கிற மைக் அது.

"ஜமாஅத்தாரே, எல்லாரும் ஒரு நிமிசம் இருக்கணும்" என்றான். "எம் மச்சான் இத்தன மாசம் கழிச்சு இன்னைக்கிப் பள்ளிக்கு வந்திருக்காவ. அவுக வராமப் போனதுக்கு நான்தான் காரணம். ஹவுள மூடுனது எம் புத்தி. வேற யாரும் எனக்குச் சொல்லல. பெரிய மனுசர் மனசு நோவுமேன்னு நான் யோசிக்கல. எல்லாரு முன்னாலயும் மச்சான்கிட்ட மாப்பு கேக்குதேன். நிர்வாகத்துல இருந்தும் விலகிக்கிடுதேன். இனி நான் பின்வரிசையில நின்னுக்கிடுதேன். எங்க அக்கா வீட்டு வாசல மட்டும் எனக்கு அடைக்கவேண்டாம்னு மச்சான் சொல்லணும்."

சொல்லிவிட்டு அழுதான். வழக்கமான அழுகைதான், மூக்கை உறிஞ்சி, தோள் குலுங்கி. ஆனால் பள்ளியில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. எல்லா முகமும் பீர் முகம்மது பக்கம் திரும்பியது.

ஒரு வார்த்தை போதும். நோய் என்றுகூடச் சொல்லவேண்டியதில்லை. 'உடம்புக்கு முடியல, அதான் வரல, ஒன்மேல கோவமில்ல' என்றால் தீர்ந்தது. அது அவருக்கும் தெரிந்தது, நாக்கு நுனிவரை வந்தும் விட்டது. ஆனால் அத்தனை பேர் அவர் வாயைப் பார்த்துக் காத்திருந்தார்கள். பெரிய மனுசர் என்று மைக்கில் வேறு சொல்லியாயிற்று. தடியை ஊன்றி எழுந்தார். நிதானமாக நடந்துபோய்ச் சிராஜுதீனின் தலையில் கை வைத்தார்.

"போலே. மன்னிச்சுட்டேன். அறியாப் பய செஞ்சது" என்றார்.

அசரத் கண்ணை மூடி துவா ஓதினார். வாசல்வரை நாலு பேர் அவருடைய கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். என்ன பெரிய மனசு, என்ன பொறுமை என்றார்கள். இனி முன்வரிசையில் அவருக்கென்று ஒரு இடம் என்றார்கள். வெள்ளைக் கைலியில் ஒரு கறை இல்லை. பீர் முகம்மதுக்கு இருதயம் ஒருசுற்று இளமையாகிவிட்ட மாதிரி இருந்தது. வழியெல்லாம் சலாம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

ஆபிதா கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் ஷஃபீகாவின் கல்யாணத் துணிகள் விரித்தபடி கிடந்தன. எதையும் மடிக்கவில்லை.

"கேட்டியாளா? ஒந்தம்பிப் பய மைக்குல ஒப்பாரி வச்சத" என்று நாற்காலியில் சாய்ந்தார். "நல்லவேளை, அவனா வந்து மாட்டுனான். நான் எப்பிடிடா பள்ளிக்குள்ள திரும்பக் கால் வைக்கன்னு யோசிச்சுக்கிட்டுல்லா இருந்தேன். மூளையில்லாத பயலாலயும் ஒரு பிரயோசனம் இருக்கு பாத்துக்க. சோத்தப் போடு."

அவள் எழுந்திருக்கவில்லை.

"வேற யாரும் எனக்குச் சொல்லலன்னு சொன்னான், கேட்டியளா?" என்றாள். "நீங்க மூடச் சொன்னது அவனுக்கு மறந்தா போச்சு? ஒங்க பேரு வரப்பிடாதுன்னு சொல்லியிருக்கான்."

"அதான் சொல்லுதேன், மூளையில்ல."

ஆபிதா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை, நிதானமாக, சரக்கைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. அவள் கண்ணில் அதை அவர் கண்டதே இல்லை.

"இத்தன மாசம் ஒங்க துணிய இந்தக் கையால அலசுனேன். ஒரு நாளு எனக்கு அருவருக்கல. சோத்துக்கு ஒக்காரும்போதும் அருவருக்கல" என்றாள். "இன்னைக்கு அருவருக்கு."

கொடியில் கிடந்த துப்பட்டியை எடுத்து அவள் போர்த்திக்கொண்டாள். நடுமத்தியானத்தில், அவரைக் கேட்காமல், வாசலைப் பார்த்து நடந்தாள்.

"எங்கன போறே?"

"எந்தம்பி வீட்டுக்கு. இன்னைக்கி அவனுக்குச் சோறு எறங்காது."

அவர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "ஏளா ஆபிதா... எனக்கு என்ன நோக்காடுன்னு அவன்ட்ட சொல்லிராத."

வாசற்படியில் நின்று அவள் திரும்பினாள்.

"சொல்லமாட்டேன். சொன்னா அந்தப் பய அதுக்கும் சேத்து அழுவான்."